செல்ஃப் சுற்றுகிறது, என்ஜின் பிடிக்கவில்லை: வாசகர் கேள்வி – பதில்

இம்மாதம் வந்த கடிதங்களில் நான்கு, ஊரும் வண்டியும் வேறாக இருந்தாலும், ஒரே குறையைச் சுற்றியே அமைந்திருக்கின்றன. சிலிண்டருக்குள் நிறையக்கூடாத ஒன்று நிறைந்துவிட்டது, அல்லது நிறைந்திருக்குமோ என்ற அச்சம். மூன்று கடிதங்களில் அது பெட்ரோல், நான்காவதில் மழைநீர். பெட்ரோல் என்றால் அரை மணி நேரப் பொறுமையில் பெரும்பாலும் செலவின்றித் தீர்ந்துவிடும். மழைநீர் என்றால் சாவியை ஒரே ஒரு முறை திருப்புவதே என்ஜினை உடைத்துவிடக்கூடும். ஆகையால் எல்லாவற்றையும் இந்த இதழிலேயே சேர்த்து எழுதுகிறேன்.

கேள்வி: எங்களிடம் 1997-இல் வாங்கிய மாருதி 800 இருக்கிறது. கோயம்புத்தூரில் அண்ணன் வீட்டில் நின்ற வண்டியை இரண்டு மாதங்களுக்கு முன்பு கோத்தகிரிக்குக் கொண்டுவந்தோம். கீழே இருந்தவரை ஒரு குறையும் இல்லை. இங்கே காலையில் சோக்கை முழுதும் இழுத்து, ஆக்சிலேட்டரை நாலைந்து முறை மிதித்துச் சாவியைப் போட்டால், ஒரு முறை இருமிவிட்டு அடங்கிவிடுகிறது. பிறகு எவ்வளவு செல்ஃப் அடித்தாலும் பிடிப்பதில்லை. பெட்ரோல் வாசனை மட்டும் திண்ணை வரை வருகிறது. மெக்கானிக் வந்து, ‘ஓவர்ஃப்ளோ ஆகிவிட்டது’ என்று பிளக்குகளைத் துடைத்துப் போட்டால் உடனே பிடிக்கிறது. வாரத்தில் இரண்டு நாள் இதே கதை. கார்புரேட்டரையே மாற்ற வேண்டும் என்கிறார். மாற்றத்தான் வேண்டுமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கோத்தகிரி

பதில்: ஐயா, கார்புரேட்டரை மாற்றும் பேச்சைச் சற்றுத் தள்ளிவையுங்கள். கோயம்புத்தூரில் சரியாக ஓடிய வண்டி கோத்தகிரிக்கு வந்தபின் படுத்துகிறது என்று நீங்கள் எழுதியிருக்கும் வரியிலேயே காரணத்தின் பாதி இருக்கிறது.

பெட்ரோல் காற்றோடு சரியான அளவில் கலந்தால்தான் பிளக்கின் பொறியில் பற்றும். எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று என்பது முழுமையாக எரிவதற்கான கலவை. காற்று குறைந்து பெட்ரோல் கூடிக்கொண்டே போனால், ஒரு கட்டத்துக்கு மேல் பொறி விழுந்தாலும் தீ பரவுவதில்லை. கோயம்புத்தூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கோத்தகிரி 1,800 மீட்டருக்கு அருகில். அங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையில் உள்ளதைவிட ஆறில் ஒரு பங்கு அளவுக்குக் குறைவு. பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்குத் தரும் கார்புரேட்டருக்கு இதை அறியும் வழி கிடையாது. சமவெளிக் காற்றுக்கு ஏற்றபடி திருகி வைத்த அளவிலேயே அது பெட்ரோலை விட்டுக்கொண்டிருக்கும். ஆகவே, சோக்கைத் தொடாமலேயே உங்கள் வண்டி மலையில் பெட்ரோல் மிகுந்த கலவையில்தான் நிற்கிறது.

அதன் மேல் நீங்கள் செய்யும் இரண்டு காரியங்கள் சேர்கின்றன. சோக் என்பது கார்புரேட்டரின் வாயில் இருக்கும் ஒரு தகடு. அதை இழுத்தால் காற்று வழி அடைபட்டு, பெட்ரோல் இன்னும் கூடுதலாக உறிஞ்சப்படுகிறது. ஆக்சிலேட்டரை மிதிக்கும்போதோ, கார்புரேட்டருக்குள் இருக்கும் சிறிய பம்ப் ஒவ்வொரு மிதிக்கும் ஒரு பீச்சு பெட்ரோலை நேராக உள்ளே அடிக்கிறது. நாலைந்து மிதி என்றால் நாலைந்து பீச்சு. குளிர்ந்த காலையில் அந்தப் பெட்ரோல் ஆவியாகாமல் குழாய்ச் சுவரில் வழிந்து, திரவமாகவே சிலிண்டருக்குள் இறங்கிப் பிளக்கின் முனையை நனைக்கிறது. பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் பெட்ரோலும் கரியும் சேர்ந்து படலமாகப் படிந்துவிட்டால், மின்சாரம் முனையின் இடைவெளியைத் தாண்டிப் பொறியாக விழாமல் அந்தப் படலத்தின் வழியாகவே எர்த்துக்கு ஓடிவிடுகிறது. பொறி இல்லை என்பதால் பெட்ரோல் எரியவில்லை. எரியாததால் அடுத்த சுற்றில் வரும் பெட்ரோலும் அதோடு சேர்கிறது. இதைத்தான் உங்கள் மெக்கானிக் ‘ஓவர்ஃப்ளோ’ என்கிறார். இந்த நிலையில் செல்ஃப் அடித்துக்கொண்டே இருப்பது தண்ணீர் நிறைந்த குடத்தில் மேலும் தண்ணீர் ஊற்றுவதற்கு ஒப்பாகும்.

அடுத்த முறை இப்படி ஆனால் சாவியை அணைத்துவிட்டுச் சோக்கை முழுதும் உள்ளே தள்ளுங்கள். பான்னெட்டைத் திறந்து வைத்துவிட்டு இருபது நிமிடம் வண்டியைத் தொடாமல் இருங்கள். அந்த நேரத்தில் பக்கத்தில் பீடி, சிகரெட், விறகடுப்பு எதுவும் இருக்கக் கூடாது. கீழே எங்காவது பெட்ரோல் சொட்டியிருக்கிறதா என்று டார்ச் வெளிச்சத்தில் மட்டும் பாருங்கள். பிறகு வண்டியை நியூட்ரலில் வைத்து, கைபிரேக்கை இழுத்துவிட்டு, ஆக்சிலேட்டரை மெதுவாக ஒரே முறை தரை வரை அழுத்தி அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள். விட்டு விட்டு மிதிக்கவே கூடாது. முழுதாக அழுத்தி வைத்தால் காற்று வழி முழுதும் திறந்து, உள்ளே தேங்கிய பெட்ரோல் ஆவியை வரும் காற்று சைலன்சர் வழியாகத் தள்ளிக்கொண்டு போகும். இந்த நிலையில் ஐந்து முதல் ஏழு விநாடி வரை செல்ஃப் அடியுங்கள், அரை நிமிடம் ஓய்வு கொடுங்கள், மீண்டும் அடியுங்கள். மூன்று முறைக்குள் பெரும்பாலும் ஒரு சிலிண்டர் இருமும், பிறகு மற்றவை சேர்ந்துகொள்ளும், கரும்புகை வரும். அப்போது பதறாமல் காலை மெல்ல மெல்லத் தளர்த்துங்கள்.

மூன்று முறைக்குப் பின்னும் பிடிக்கவில்லை என்றால் நிறுத்திவிட வேண்டும். நான் தொழில் பழகிய காலத்தில், வாடிக்கையாளர் காத்திருக்கிறாரே என்ற அவசரத்தில், ஓவர்ஃப்ளோ ஆன ஒரு வண்டிக்கு இடைவெளி விடாமல் செல்ஃப் அடித்து, பேட்டரியை இறக்கி, செல்ஃப் மோட்டாரின் சுருளையும் கருகவிட்டிருக்கிறேன். துடைத்துப் போட வேண்டிய மூன்று பிளக்குகளுக்காக ஒரு மோட்டாரைக் கழற்றிச் சுருள் கட்ட நேர்ந்தது. அன்றிலிருந்து மூன்று முறை என்ற கணக்கை நான் மீறியதில்லை.

பிளக்குகளைக் கழற்றுவதை நீங்களே செய்யலாம். மெக்கானிக் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் வண்டி மூன்று சிலிண்டர் என்பதால் மூன்றே பிளக்குகள். கம்பிகளை இழுக்குமுன் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒட்டுத்தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள். மாற்றிச் செருகிவிட்டால் சரியான என்ஜினும் பிடிக்காது. என்ஜின் ஆறியிருக்கும்போதே கழற்றுங்கள். நனைந்து கருப்பாக மினுங்கி, பெட்ரோல் நாற்றம் அடித்தால் ஓவர்ஃப்ளோ உறுதி. காய்ந்திருந்தால் பெட்ரோலே வந்து சேரவில்லை என்று பொருள். அது வேறு நோய், அதற்கு இந்த மருந்து பலிக்காது. பிளக்குகளுக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலுக்குப் போகும் மெல்லிய ஒயரைக் கழற்றி வைத்துவிட்டு, பிளக் துளைகள் மேல் பழந்துணியைப் போட்டு, மூன்று நான்கு விநாடி செல்ஃப் அடித்தால் உள்ளே இருக்கும் பெட்ரோல் துணியில் வந்து தெறிக்கும். அந்தத் துணியை வண்டியிலிருந்து தொலைவில், திறந்த வெளியில் உலர்த்துங்கள். பிளக்குகளை உலர்ந்த துணியால் துடைத்துக் காற்றாட வையுங்கள். கேஸ் அடுப்பில் வாட்டுவதைப் பலர் வழக்கமாகவே வைத்திருக்கிறார்கள். பெட்ரோல் படிந்த பொருளைச் சமையலறைத் தீயருகே கொண்டுபோவதை நான் ஏற்கமாட்டேன். பிளக்கை என்ஜின் மேல் வைத்துப் பொறி விழுகிறதா என்று பார்ப்பதும், பெட்ரோல் ஆவி சூழ்ந்திருக்கும் அந்த நேரத்தில், கூடவே கூடாது.

மற்றொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். வழிந்து இறங்கும் பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயில் படலத்தைக் கழுவிவிடுகிறது. சிலிண்டருக்குள் மேலும் கீழும் ஓடும் பிஸ்டனின் வளையங்களுக்கும் சுவருக்கும் இடையே காற்று கசியாமல் தடுப்பதில் அந்தப் படலத்துக்கும் பங்கு உண்டு. அது போய்விட்டால் அழுத்தம் குறைந்து, செல்ஃப் வழக்கத்தைவிட இலேசாக, விர்ரென்று சுற்றும். அப்படி ஓசை மாறியிருந்தால் ஒவ்வொரு பிளக் துளையிலும் ஒரு தேக்கரண்டி என்ஜின் ஆயிலை விட்டு, ஓரிரு விநாடி சுற்றவிட்டு, பிறகு பிளக்குகளை முதலில் கையாலும் கடைசித் திருகலை மட்டும் ஸ்பேனராலும் மாட்டுங்கள். பிடித்தவுடன் நீலப்புகை சிறிது நேரம் வரும், அஞ்ச வேண்டியதில்லை. ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பார்க்கவும் மறக்க வேண்டாம். ஆயிலில் பெட்ரோல் வாசனை வந்தாலோ அளவு ஏறியிருந்தாலோ, கிலோமீட்டர் கணக்கைப் பார்க்காமல் ஆயிலை மாற்றிவிடுங்கள். வாரத்துக்கு இருமுறை வீதம் இரண்டு மாதமாக இது நடந்திருப்பதால், உங்கள் ஆயிலில் பெட்ரோல் கலந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

இனி நிரந்தரத் தீர்வுக்கு வருவோம். முதலில் ஏர் ஃபில்டரை மாற்றுங்கள். அடைபட்ட ஃபில்டர் நிரந்தரமாக இழுத்து வைத்த சோக்கைப் போன்றது. அடுத்து, கோத்தகிரியிலேயே, என்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு, ஐடிலிங் கலவைத் திருகைக் காற்றுக்கு ஏற்பச் சரிசெய்யச் சொல்லுங்கள். மூன்றாவதாக, ஓட்டிவிட்டு நிறுத்தியபின், ஏர் ஃபில்டர் மூடியைக் கழற்றி, கார்புரேட்டரின் வாய்க்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். என்ஜின் நின்ற பிறகும் உள்ளே பெட்ரோல் சொட்டிக்கொண்டிருந்தால் மிதவையும் அதன் ஊசி வால்வும் சரியாக மூடவில்லை. ஊசியின் அடியில் ஒரு தூசி சிக்கினாலும் போதும், மிதவையில் துளை விழுந்து பெட்ரோல் புகுந்தாலும் போதும், கார்புரேட்டருக்குள் இருக்கும் சிறு தொட்டி நிரம்பி வழியும். அதற்கும் ஊசி, மிதவை, கேஸ்கட் அடங்கிய பழுதுபார்ப்புத் தொகுப்பு போதுமானது. முழுக் கார்புரேட்டர் தேவையில்லை. பெட்ரோல் குழாய்களையும் பம்ப்பின் உள்ளிருக்கும் சவ்வையும் இந்த வேளையில் பார்த்துவிடுவது நல்லது, ஏனெனில் இப்போது பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. 1990-களில் செய்த ரப்பர் பாகங்கள் அதைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல.

காலையில் கிளப்பும் முறையையும் மாற்றிக்கொள்ளுங்கள். சோக்கை இழுத்துவிட்டு, ஆக்சிலேட்டரை ஒரே ஒரு முறை மிதித்து விட்டுவிட்டு, காலை எடுத்த பிறகே சாவியைத் திருப்புங்கள். பிடித்த சில விநாடிகளில் சோக்கைப் பாதி உள்ளே தள்ளி, என்ஜின் திணறாமல் ஓடத் தொடங்கியதும் முழுதும் தள்ளிவிடுங்கள். இவ்வளவு செய்த பிறகும் தொல்லை தொடர்ந்தால் அப்போது கார்புரேட்டரைப் பற்றிப் பேசலாம்.

கேள்வி: என் கார் பெட்ரோல் எம்.பி.எஃப்.ஐ. வண்டி, அதாவது கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர்கள் பெட்ரோலைத் தெளிக்கும் வகை. வாங்கி ஆறு வருடம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை கழுவுவதற்காகப் போர்ட்டிகோவிலிருந்து வெளியே எடுத்து உடனே அணைத்தேன். கழுவி முடித்து உள்ளே விட முயன்றபோது என்ஜின் பிடிக்கவே இல்லை. கார்புரேட்டர் இல்லாத வண்டியில் ஓவர்ஃப்ளோ வராது என்று எல்லோரும் சொல்கிறார்கள். பின் இது என்ன?
– வங்கி ஊழியர், திருச்சிராப்பள்ளி

பதில்: வராது என்பது தவறு; அரிதாக வரும் என்பதே சரி. நீங்கள் எழுதியிருக்கும் சூழ்நிலைதான் இந்த வகைக் கார்களில் அது வருவதற்கு மிகப் பொதுவான காரணம். குளிர்ந்திருக்கும் என்ஜினைக் கிளப்பும்போது, அதன் கம்ப்யூட்டர் தேவையறிந்து பெட்ரோலைக் கூடுதலாகத் தெளிக்கிறது. என்ஜின் சூடேறினால் அது தானே குறைந்துவிடும். நீங்கள் பத்தடி நகர்த்திவிட்டு அணைத்ததால், கூடுதலாக வந்த பெட்ரோல் எரிந்து தீர்வதற்கு நேரம் கிடைக்கவில்லை. சிலிண்டர் சுவரிலும் பிளக்கிலும் அது ஈரமாகப் படிந்தது. மீண்டும் சாவியைத் திருப்பியபோது என்ஜின் இன்னும் குளிர்ச்சிதான் என்று அறிந்த கம்ப்யூட்டர் அதன் மேல் இன்னொரு தவணையைத் தெளித்திருக்கிறது.

இதிலிருந்து மீள ஒரு வழியைப் பெரும்பாலான கார்களின் கம்ப்யூட்டரிலேயே தயாரிப்பாளர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆக்சிலேட்டரை முழுதும் தரை வரை அழுத்திப் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடித்தால், ஓட்டுநர் ஓவர்ஃப்ளோவை நீக்க முயல்கிறார் என்று அது புரிந்துகொண்டு, பெட்ரோல் தெளிப்பதை நிறுத்திவிடும் அல்லது வெகுவாகக் குறைத்துவிடும். காற்று மட்டும் உள்ளே போய் ஈரத்தை உலர்த்தும். இடது காலால் கிளட்ச், வலது காலால் ஆக்சிலேட்டர், நியூட்ரல், கைபிரேக் என்ற நான்கையும் உறுதிசெய்துகொண்டு, ஐந்து முதல் பத்து விநாடி அடித்து, அரை நிமிடம் விட்டு, மீண்டும் அடியுங்கள். பிடித்ததும் என்ஜின் வேகம் சீறிக்கொண்டு ஏறும். உடனே காலைத் தளர்த்த வேண்டும். உங்கள் வண்டியோடு வந்த கையேட்டில் ‘என்ஜின் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால்’ என்ற பகுதியில் இது சொல்லப்பட்டிருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். முறை வண்டிக்கு வண்டி சற்று வேறுபடும். சாதாரணமாகக் கிளப்பும்போது மட்டும் இந்த வகைக் கார்களில் ஆக்சிலேட்டரைத் தொடவே வேண்டியதில்லை. கார்புரேட்டர் காலத்துப் பழக்கத்தில் மிதிப்பவர்கள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

செல்ஃப் அடிக்கும் ஓசையையும் கவனியுங்கள். இழுத்து இழுத்துச் சோர்வாகச் சுற்றினால் குறை பேட்டரியில் இருக்கலாம். நன்றாகச் சார்ஜ் ஏறிய பேட்டரி ஓய்வில் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும், 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. செல்ஃப் இழுக்கும் மின்சாரத்தில் வோல்ட் மிகவும் இறங்கிவிட்டால் பொறியும் வலுவிழந்து, சாதாரண அளவு பெட்ரோல்கூட எரியாமல் தேங்கி, ஓவர்ஃப்ளோ போலவே தோற்றமளிக்கும். டேஷ்போர்டில் சாவி வடிவ விளக்கு மினுங்கிக்கொண்டிருந்தால், திருட்டுத் தடுப்புக் கருவி சாவியை அடையாளம் காணவில்லை. அதற்கும் பெட்ரோலுக்கும் தொடர்பில்லை.

இது ஒரு முறை நடந்தால் விட்டுவிடலாம். அடிக்கடி நடந்தால் இரண்டு பாகங்களைச் சந்தேகிக்க வேண்டும். ஒன்று, என்ஜின் குளிர்விப்பு நீரின் வெப்பத்தை அளக்கும் சென்சார். அது பழுதாகி, என்ஜின் கொதித்துக்கொண்டிருக்கும்போதும் பனிக்கட்டி போலக் குளிர்ந்திருப்பதாகச் சொன்னால், கம்ப்யூட்டர் நம்பிப் பெட்ரோலைக் கொட்டும். இரவு முழுதும் நின்ற வண்டியில், காலையில் கிளப்புமுன் ஸ்கேனரை மாட்டினால், அந்த சென்சார் காட்டும் வெப்பமும் அன்றைய காற்றின் வெப்பமும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். திருச்சிராப்பள்ளியில் ஒரு மே மாதக் காலையில் அது பூஜ்யத்துக்குக் கீழே காட்டினால் வேறு சாட்சி வேண்டாம். இன்னொன்று, மூடிய பிறகும் சொட்டும் இன்ஜெக்டர். நெடுந்தூரம் ஓடிவந்து, அரை மணி நேரம் நிறுத்திவிட்டுக் கிளப்பும்போது மட்டும் திணறி, கரும்புகையோடு பிடித்தால் அதை முதலில் பாருங்கள்.

கழுவுவதற்காகச் சில அடி நகர்த்த வேண்டியிருந்தால், இருவர் சேர்ந்து நியூட்ரலில் தள்ளிவிடுங்கள். கிளப்பித்தான் ஆக வேண்டும் என்றால் வெப்பமுள் அசையத் தொடங்கும்வரை, இரண்டு மூன்று நிமிடமாவது, திறந்த வெளியில் ஓடவிட்ட பிறகு அணையுங்கள்.

கேள்வி: ஓவர்ஃப்ளோ ஆன காரைத் தள்ளி ஸ்டார்ட் செய்தால் என்ன?
– வாசகர், விருதுநகர்

பதில்: எம்.பி.எஃப்.ஐ. வண்டியில் செய்யாதீர்கள். எரியாத பெட்ரோல் சைலன்சர் வரிசையில், புகையின் நச்சைக் குறைப்பதற்காக இருக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய்ச் சேரும். என்ஜின் பிடித்துச் சூடேறியதும் அது அங்கே எரிந்து, உள்ளிருக்கும் தேன்கூட்டு அமைப்பை உருக்கிவிடக்கூடும். அந்தப் பாகத்தின் விலை ஒரு பேட்டரியின் விலையைவிடப் பல மடங்கு. ஆட்டோமேட்டிக் கியர் வண்டிகளில் தள்ளிக் கிளப்புவது பொதுவாக இயலவே இயலாது. பழைய கார்புரேட்டர் வண்டியானால், இருபது நிமிடம் உலரவிட்ட பிறகு, பேட்டரி இறங்கிவிட்டது என்ற ஒரே காரணத்துக்காகத் தள்ளலாம். நனைந்த பிளக்கோடு தள்ளினால் தள்ளியவர்களுக்கு இளைப்புதான் மிஞ்சும்.

கேள்வி: வேளச்சேரியில் அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் என் கார் நின்றிருந்தது. மழையில் தண்ணீர் புகுந்து இருக்கை வரை ஏறிவிட்டது. இரண்டு நாள் கழித்து இப்போது வடிந்திருக்கிறது. 1,200 சிசி பெட்ரோல் கார். காவலாளி, ‘ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பாருங்கம்மா, சூட்டுல காய்ஞ்சிரும்’ என்கிறார். எனக்குத் துணிவு வரவில்லை. என்ன செய்யட்டும்?
– வாசகி, சென்னை

பதில்: அம்மா, அந்தத் துணிவு வராமல் இருந்ததே நல்லது. தயவுசெய்து சாவியைத் திருப்ப வேண்டாம். ரேடியோ போடுவதற்காகவோ கண்ணாடியை இறக்குவதற்காகவோ கூட வேண்டாம். அன்பினால் சொன்ன அந்தக் காவலாளியிடமும் காரணத்தை விளக்கிவிடுங்கள், ஏனென்றால் அதே தளத்தில் இன்னும் பல வண்டிகள் நிற்கும்.

பெட்ரோலும் காற்றும் சேர்ந்த கலவையைப் பிஸ்டன் அழுத்தலாம். தண்ணீரை அழுத்த முடியாது. உங்கள் என்ஜின் நான்கு சிலிண்டர் என்று கொண்டு 1,200 சிசியைப் பங்கிட்டால் ஒன்றுக்கு 300 சிசி. பிஸ்டன் உச்சிக்குச் செல்லும்போது அதற்கு மேலே எஞ்சியிருக்கும் இடம் ஏறத்தாழ 30 மில்லி லிட்டர், அதாவது இரண்டு மேசைக்கரண்டி. அதைவிடச் சற்றே கூடுதலான தண்ணீர் ஒரு சிலிண்டரில் இருந்தால் போதும், பிஸ்டன் சுவரில் மோதியதைப் போல நின்றுவிடும். செல்ஃப் மோட்டாரின் வேகத்திலேயே, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளையலாம். அடுத்த சிலிண்டர் பிடித்து என்ஜின் ஓடத் தொடங்கினால் ராடு முறிந்து என்ஜின் பிளாக்கையே துளைத்துவிடலாம். அழுத்த விகிதம் அதிகமான டீசல் என்ஜினில் அந்த இடம் இன்னும் குறுகியது; அதே அளவு என்ஜினுக்கு 20 மில்லி லிட்டருக்கும் குறைவு.

தண்ணீர் பெரும்பாலும் காற்றுக்குழாய் வழியாகத்தான் சிலிண்டரை அடைகிறது. நின்ற வண்டியில் மூழ்கியிருப்பதால் உங்கள் என்ஜினுக்குள் தண்ணீர் போகாமல் இருக்கவும் வாய்ப்புண்டு. ஓடும் வண்டி என்றால் என்ஜினே தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். தேங்கிய நீரில் நடுவழியில் நின்றுபோன வண்டியை மறுபடி கிளப்புபவர்களுக்கே பெரும்பாலும் பெருஞ்சேதம் நேர்கிறது. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் மூழ்கிய வண்டிகளில், மீட்டிருக்கக்கூடிய என்ஜின்கள் தண்ணீர் வடிந்த மறுநாள் சாவி திருப்பப்பட்டதால் கெட்டுப்போனதை நினைத்தால் எனக்கு இன்னும் வருத்தமாக இருக்கிறது. மழை எச்சரிக்கை வந்தவுடன் வேளச்சேரி மேம்பாலத்தில் காரை ஏற்றி நிறுத்தும் உங்கள் அண்டைவீட்டார் செய்வது முற்றிலும் நியாயம்.

முதலில் எல்லாப் பக்கமிருந்தும் படம் எடுங்கள். கதவிலும், இருக்கையிலும், பான்னெட்டுக்கு உள்ளேயும் சேறு விட்டுச் சென்ற கோடு தெரியும்படி எடுங்கள். தண்ணீர் எதுவரை ஏறியது என்பதற்கு அதுவே சான்று. வண்டியை நகர்த்துமுன் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவித்துவிடுங்கள். பிறகு பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றுங்கள். ஈரம் பட்ட மின் இணைப்புகளில் மின்சாரம் ஓடிக்கொண்டிருந்தால் அவை விரைவில் அரித்துப்போகும், சில வேளை தீப்பற்றவும் கூடும். வண்டியைக் கயிறு கட்டி இழுக்காமல், நான்கு சக்கரங்களும் தரையில் படாதபடி மேலே ஏற்றிக்கொண்டு போகும் மீட்பு வண்டியை வரவழையுங்கள்.

பட்டறையில் அவர்கள் செய்ய வேண்டியதை நீங்களும் அறிந்திருப்பது நல்லது. ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும். தாள் உலர்ந்தும் பெட்டியின் அடியில் சேறு இல்லாமலும் இருந்தால் பாதி கவலை தீர்ந்தது. டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு ஏறியிருந்தாலோ, பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தாலோ, தண்ணீர் ஆயிலோடு கலந்துவிட்டது. எப்படி இருந்தாலும் எல்லாப் பிளக்குகளையும் கழற்றிய பிறகு, முதலில் கையால் ஸ்பேனர் போட்டு என்ஜினைச் சுற்றிப் பார்த்து, தடையின்றிச் சுற்றினால் மட்டுமே செல்ஃப் அடித்துத் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். தண்ணீர் வந்திருந்தால் சிலிண்டர்களில் ஆயில் விட்டு வைப்பதில் தாமதம் கூடாது. சில நாட்களிலேயே துரு ஏறி வளையங்கள் ஒட்டிக்கொள்ளும். என்ஜின் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, சிறிது நேரம் ஓடவிட்டு, மீண்டும் ஒரு முறை மாற்றுவது செலவானாலும் தேவையானது. கியர் ஆயில், பிரேக், தரைவிரிப்புக்கு அடியில் ஓடும் ஒயர்கள், காற்றுப்பை இணைப்புகள் எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.

காப்பீட்டைப் பற்றி ஒரு செய்தி. மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால் வெள்ளச் சேதத்துக்கு எதுவும் கிடைக்காது. முழுக் காப்பீடு வெள்ளத்தால் நேர்ந்த சேதத்தை ஏற்கும். ஆனால் தண்ணீர் புகுந்த என்ஜினைக் கிளப்பியதால் ராடு வளைந்தது என்றால், அதைப் பின்விளைவுச் சேதம் என்று கூறி நிறுவனங்கள் பெரும்பாலும் மறுத்துவிடும். அதற்கென்றே என்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவு தனிக் கட்டணத்தில் கிடைக்கிறது. உங்கள் பாலிசித் தாளில் அது இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். பட்டறையில் வண்டியை ஒப்படைக்கும்போது, ‘தண்ணீர் புகுந்த பிறகு சாவி திருப்பப்படவில்லை’ என்ற வரியை அவர்களது வேலைத்தாளில் எழுதச் சொல்லி, அதன் நகல் ஒன்றைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.